பதினாலு மாடியும் மூணு மாடியும்

சுத்தியலால் ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டு வந்தேன். முதல் இரண்டு தூணில் இறுகிய சத்தம். மூன்றாவது தூணில், இடுப்பு உயரத்தில், சத்தம் மாறியது. பழுத்த பலாவைத் தட்டினால் வருமே, அப்படி ஒரு பொத்தென்ற ஒலி. உளியை வைத்து லேசாக நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே 16 மில்லிமீட்டர் கம்பி. கறுப்பும் சிவப்புமாக, ஏடு ஏடாக உரிந்து வந்தது. நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. அதைச் சுற்றிக் கட்டிய வளையக் கம்பி ஓரிடத்தில் இல்லவே இல்லை. அது இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

கட்டடம் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம். கீழே ஆறு கடை, அதற்கு மேல் மூன்று மாடி, மொட்டை மாடியில் ஒரு செல்போன் டவர். ரோட்டில் நின்றால் கடல் தெரியாது. மொட்டை மாடி ஏறினால் பக்கத்திலேயே கிடக்கும். 1999இல் கட்டியது. சொந்தக்காரருக்கு எழுபது வயது நெருங்குகிறது. ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், எனக்கும் அப்படியே. விழுந்த காரையைக் குனிந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“எல்.ஐ.சி கட்டி அறுபத்தஞ்சு வருசம் ஆச்சு தம்பி. நான் கட்டி இருபத்தஞ்சு வருசம். அங்க பதினாலு மாடி நிக்குது, இங்க மூணு மாடி நிக்க மாட்டேங்குது. அவங்க என்னத்தப் போட்டுக் கட்டுனாங்க?”

சின்ன வயதில் அப்பாவோடு கருவாட்டு வியாபாரத்துக்கு மெட்ராஸ் போனவர். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, மவுண்ட் ரோட்டில் நின்று அண்ணாந்து எல்.ஐ.சி கட்டடத்தின் மாடியை எண்ணியிருக்கிறார். எண்ணி முடிப்பதற்குள் கணக்கு தப்பும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாராம். தனக்கென்று ரோட்டோரம் நாலு சென்ட் இடம் அமைந்தபோது மனதில் இருந்தது அந்தக் கட்டடம்தான். அவர் கேள்வியை நான் தள்ளிவிட விரும்பவில்லை. பழுது பார்க்கிறவன் முதலில் சொல்ல வேண்டிய பதிலே அதுதான்.

மவுண்ட் ரோட்டில் நடந்தது

எல்.ஐ.சி கட்டடத்தை நினைத்தவர் நம் பக்கத்துக்காரர். கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். கானாடுகாத்தான் இன்று சிவகங்கை மாவட்டம். 1985இல் பிரிக்கும் வரை அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் அவர். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவர் கையில் இருந்தது. அந்த நிறுவனத்துக்காக மவுண்ட் ரோட்டில் இந்தியா அதுவரை பார்க்காத உயரத்தில் ஒரு மாடிக் கட்டடம் எழுப்ப நினைத்தார். லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். 1953இல் வேலை தொடங்கியது.

1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரு விமானம் நொறுங்கித் தீப்பிடித்தது. இறந்தவர்களில் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். கட்டட வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. 1956இல் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆனது. 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் சேர்த்து அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி உருவானது. பாதியில் நின்ற கட்டடமும் அதோடு சேர்ந்து அரசாங்கத்தின் கைக்குப் போனது. லண்டன்காரர்கள் விலகிய பிறகு எல்.எம். சித்தாலே பொறுப்பெடுத்து முடித்தார். கட்டிக் கொடுத்தது கோரமண்டல் இன்ஜினியரிங். முதலில் போட்ட திட்டத்தைவிட உயரத்தைக் குறைத்துத்தான் முடித்தார்கள். 1959 ஆகஸ்ட் 23 அன்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. செலவு 87 லட்சம் ரூபாய். ஒன்றிரண்டு வருடம் இந்தியாவிலேயே உயரமான மாடிக் கட்டடமாக இருந்தது, சென்னையில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதை யாரும் தாண்டவில்லை.

177 அடி என்பது நம்மவர்களுக்குப் புதிய உயரம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரம் 192 அடி. அதுவும் பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான். அப்படியானால் 1959இல் புதிதாக என்ன நடந்தது? கோபுரம் கனத்தால் நிற்கிறது. அடியில் அகலம், மேலே போகப் போகச் சுருக்கம். அடிப்பகுதி முழுக்கக் கல்லும் காரையும், நடுவே ஒரு வாசல். சென்னையில் ரிப்பன் மாளிகை 1913இல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அங்கேயும் பாரத்தைச் சுமப்பது சுவர். சுவரை உயர்த்த வேண்டுமென்றால் அடியில் தடிமனைக் கூட்டியே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் இதே முறையைக் கடைசி எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 1891இல் கட்டிய மொனாட்நாக் கட்டடத்துக்குப் பதினாறு மாடி. செங்கல் சுவரே தாங்குகிறது. தரை மட்டத்தில் அந்தச் சுவரின் தடிமன் ஆறு அடி. ஆறு அடி சுவருக்குப் பின்னால் யார் கடை வைப்பார்கள்? ரோட்டோரத்தில்தான் இடத்துக்கு விலை, அந்த இடத்தையே சுவர் தின்றுவிடுகிறது. அதே ஊரில் 1885இலேயே ஹோம் இன்சூரன்ஸ் என்ற பத்து மாடிக் கட்டடத்தை வில்லியம் லெ பேரன் ஜென்னி இரும்புச் சட்டகத்தில் எழுப்பியிருந்தார். அதுவும் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான். பாரத்தைத் தூணும் உத்திரமும் வாங்கிக்கொண்டதால் சுவர் மெலிந்தது, ஜன்னல் அகன்றது, வாடகைக்கு விடும் தரை கூடியது.

மவுண்ட் ரோட்டில் 1959இல் நடந்ததும் அந்த மாற்றம்தான், இரும்புக்குப் பதில் கம்பி வைத்த கான்கிரீட். சுண்ணாம்பும் செங்கல்லுமாக இருந்த ஊர் கான்கிரீட் தூணுக்கு மாறியதன் அடையாளமாக அந்தக் கட்டடம் நின்றது. நாற்பது வருடம் கழித்து அதே மாற்றம் நம் கடற்கரைச் சாலைக்கு வந்தது. அண்ணனுக்கு ஷட்டர் வைக்கப் பத்தடி அகல வாசல் வேண்டும், ஆறு கடைக்கும் வேண்டும். சுவர் வைத்துக் கட்டினால் அந்த நாலு சென்ட்டில் மூன்று கடை தேறாது. தூண் வைத்தால் ஆறு கடை. சிகாகோ வியாபாரி போட்ட கணக்கைத்தான் அண்ணனும் போட்டார். அந்தக் கணக்கில் தப்பே இல்லை.

வெளியே தெரிகிற பலமும் உள்ளே மறைந்த பலமும்

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் அந்தத் தேவாலயத்தின் சுவரைப் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையே தூக்கிக்கொண்டு போனது. ஓடு போய்விட்டது, மரம் போய்விட்டது. கடல்பாறையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் மட்டும் மணலுக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. அறுபது வருடத்துக்கு மேல் உப்புக்காற்று அரிக்கிறது. ஓரம் மழுங்கியிருக்கிறது, பள்ளம் பள்ளமாகக் குழிந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று ஒரு சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். சுவர் எதையும் மறைப்பதில்லை.

கான்கிரீட் தூணின் உயிர் உள்ளே இருக்கிற கம்பி. கண்ணுக்குத் தெரியாது. நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம், பி.எச். 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கி, துருப்பிடிக்காமல் காக்கும். உப்பில் இருக்கிற குளோரைடு உள்ளே நுழைந்தால் அந்தப் படலம் அங்கங்கே கிழியும். கிழிந்த இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருக்கும். பெருத்த துரு மேலே இருக்கிற கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பித் தள்ளும். முதலில் கம்பி போகிற வழியில் நேர்கோடாக ஒரு வெடிப்பு. அப்புறம் காரை பெயரும். வெடிப்பு வெளியே தெரியும்போது உள்ளே பல வருடத்து வேலை முடிந்திருக்கும்.

உலோகத்தை உப்புக்காற்று என்ன செய்யும் என்று பார்ப்பதற்கென்றே மண்டபம் முகாமில் காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) ஆய்வு மையம் இருக்கிறது. நம் காற்று அப்படிப்பட்டது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் பெயின்ட்டும் பழுதுமாகத்தான் ஓடியது. தூக்குப் பகுதி துருப்பிடித்துப் பலமிழந்ததால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையே போட்டிருக்கிறார்கள்.

அதற்காக இங்கே கான்கிரீட்டே நிற்காது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ராமேஸ்வரத்தில் 1995இல் கட்டிய தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர். எல்.ஐ.சி கட்டடம் 54 மீட்டர். ஏறக்குறைய ஆறு எல்.ஐ.சியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின உயரம், அதுவும் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில். அதன் தண்டு கான்கிரீட்தான்.

அண்ணன் கட்டடத்தில் என்ன ஆனது

வரைபடம் கேட்டேன். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கிய நீலத்தாளை மடிப்புக் கிழிய எடுத்துவந்து கொடுத்தார். அறை எங்கே, படி எங்கே, கக்கூஸ் எங்கே என்று அதில் இருந்தது. எந்தத் தூணில் எத்தனை கம்பி, என்ன கனம், எவ்வளவு இடைவெளியில் வளையம், ஒன்றும் இல்லை. எல்லாம் மேஸ்திரியின் மனக்கணக்கு. மேஸ்திரி இறந்து எட்டு வருடம் ஆகிறது.

கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய கான்கிரீட்டை நாங்கள் கவர் என்போம். கடலோர உப்புக்காற்றுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர், கடல்நீர் தெறிக்கிற இடத்துக்கு 50. பெயர்ந்த இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு பக்கம் 20, இன்னொரு பக்கம் 12. அந்த இடைவெளி குறையாமல் கம்பியைத் தள்ளி நிறுத்துகிற கட்டைக்குக் கவர் பிளாக் என்று பெயர். அப்படி ஒன்று அந்த வேலையில் வரவேயில்லை. கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகியிருக்கிறார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஜல்லி நழுவி, கம்பிக்கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 45, 50 என்று நான் சொல்கிற கணக்கு 2000இல் திருத்தி வெளியிட்ட விதிப்புத்தகத்தில் இருப்பது. அண்ணன் கட்டியது அதற்கு ஒரு வருடம் முன்னால். கம்பியும் கலவையும் கற்றுத் தேர்ந்த ஒருவரும் அந்தப் பக்கம் வந்து நிற்காதபோது, அந்த மேஸ்திரி தனக்குத் தெரிந்த அளவில் உண்மையாகத்தான் உழைத்திருக்கிறார். உத்திரங்கள் இன்றும் நூல் பிடித்தது போல மட்டமாக இருக்கின்றன.

பெரிய அடி தண்ணீரில் விழுந்திருக்கிறது. வேலை நடந்தபோது மனையிலேயே ஒரு போர்வெல் போட்டிருக்கிறார்கள். வேலைக்கு வந்த சித்தாள் அக்கா ஒருவர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். கூப்பிட்டு விசாரித்தோம். “அந்தத் தண்ணிய வாயில வைக்க முடியாதுப்பா. நாங்க குடிக்கிறதுக்கு ஊத்துக்குப் போயிதான் குடத்துல எடுத்துட்டு வருவோம்” என்றார். மணலைத் தோண்டி, சுரந்து வரும் நல்ல தண்ணியைச் சிரட்டையால் மொண்டு எடுப்பது நம் கரையில் பெண்களின் அன்றாட வேலையாக இருந்தது. குடிக்க அவ்வளவு பாடுபட்டு எடுத்தார்கள். கட்டடத்துக்குப் போர்த் தண்ணி. கலவைக்கு அதுதான், ஏழு நாள் நனைத்ததும் அதேதான்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது. கடல் தண்ணீரில் கிட்டத்தட்ட 19,000. கம்பியே இல்லாத வெறும் கான்கிரீட்டுக்கு 2,000 வரை விதி அனுமதிக்கிறது என்பதிலிருந்தே பயம் கான்கிரீட்டுக்காக இல்லை, கம்பிக்காகத்தான் என்று புரியும். அந்தப் போர்த் தண்ணியை இப்போது எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். முதல் அளவையும் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. வெளியே இருந்து காற்றில் வர வேண்டிய உப்பைக் கட்டுகிற அன்றைக்கே கம்பியோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பெயர்ந்த இடத்தில் பினாப்தலீன் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்துப் பார்த்தேன். காரம் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும், போயிருந்தால் நிறமே வராது. உடைத்த முகத்தில் வெளி ஓரம் ஒரு விரல்கனத்துக்கு வெள்ளையாகவே நின்றது, அதற்கு உள்ளே ரோஜா நிறம் படர்ந்தது. 12 மில்லிமீட்டர் கவர் இருந்த பக்கம் கம்பி அந்த வெள்ளைக்குள்தான் இருந்தது. அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சொன்ன பதில்

“அண்ணே, எல்.ஐ.சி உங்க இடத்த விடக் கடலுக்குத் தள்ளி இருக்கு. இங்க அடிக்கிற காத்து அங்க அடிக்கிறதில்ல. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கட்டடத்த நினைச்சவர் வேலை ஆரம்பிச்ச மறு வருசமே போயிட்டார். வரைஞ்சவங்க விலகிட்டாங்க. கம்பெனியே கை மாறிடுச்சு. ஆனாலும் அடுத்து வந்தவர் வேலைய எடுத்து முடிக்க முடிஞ்சுது. ஏன்னா எல்லாம் தாள்ல இருந்துச்சு. உங்க கட்டடம் மேஸ்திரி தலைக்குள்ள இருந்துச்சு.”

இன்னொன்றும் சொன்னேன். 1975 ஜூலையில் அந்தக் கட்டடத்தில் பெரிய தீ. மேலே எரிவதை எட்டி அணைக்கிற ஏணி நகரத்தில் இல்லாத காலம். கறுத்துப்போன கட்டடத்தைச் சரிசெய்து மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரலில் உச்சியில் இருந்த பெயர்ப்பலகையில் தீப்பிடித்தது, அணைத்துச் சரிசெய்தார்கள். அறுபத்தைந்து வருடம் அது தானாக நின்றுவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஏறிப் பார்த்திருக்கிறார்கள், பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். தூண் வைத்துக் கட்டியதை அப்படிப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் இருபத்தைந்து வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “மூணு தடவ பெயின்ட் அடிச்சேன்” என்றார். குற்ற உணர்வோடு சொன்னார். பாவமாக இருந்தது. பெயின்ட் அடிக்கும்போது கம்பி வழியில் இருந்த நேர்கோட்டு வெடிப்பையெல்லாம் பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். உள்ளிருந்து வந்த ஒரே எச்சரிக்கை அதுதான்.

மொத்தம் பதினாறு தூண். தட்டிப் பார்த்ததில் ஒன்பது கெட்டது. அதில் ஆறு உடனடியாகச் செய்ய வேண்டியது, ஆறுமே கிழக்குப் பக்கம், கடலைப் பார்த்தது. முதலில் மேலிருக்கும் பாரத்தை இறக்கச் சொன்னேன். செல்போன் டவரைக் கழற்ற வேண்டும் என்றபோது தயங்கினார், மாதா மாதம் வாடகை வருகிறது. வற்புறுத்தினேன். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மாதம் இழுத்து, பிறகு கழற்றினார்கள்.

உத்திரத்துக்கு அடியில் இரும்பு முட்டு கொடுத்துவிட்டு, கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் தெரியும் வரை கொத்தி எடுத்தோம். முன்பக்கம் மட்டும் சுரண்டிச் சிமென்ட் பூசுகிறவர்கள் நிறைய. பின்னால் இருக்கிற உப்பு அப்படியே தங்கி, இரண்டு மூன்று வருடத்தில் பூச்சோடு சேர்த்துத் தள்ளிவிடும். துருவைப் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தோம். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி. உள்ளே மிச்சம் இருக்கிற உப்புக்காகக் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டினோம். இரும்புக்கு முன்னால் துத்தநாகம் அரித்துப்போய் இரும்பைக் காப்பாற்றும். அதற்கு மேல் கவர் பிளாக் வைத்து, 50 மில்லிமீட்டர் விட்டு, நாலு பக்கமும் புதுக் கான்கிரீட் சட்டை. தூண் பருத்ததில் கடைகளின் ஷட்டர் அகலம் கொஞ்சம் குறைந்தது. கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், அப்புறம் சரி என்றார்கள்.

ஒவ்வொரு தூணையும் மூடுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கம்பிக் கணக்கை வரைந்து, தேதி போட்டு அண்ணனிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். பட்டாவோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்.

தண்ணீர் லாரியில் வந்தது. முதல் லோடு வந்த அன்றைக்கு அண்ணனிடம் சோதனைச் சீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு லாரிக்குப் பின்னால் போய், டிரைவரைக் குழாயைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லி, இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். “நல்ல தண்ணிதான், ஊத்து” என்றார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு லோடுக்கும் அதேதான் செய்தார். ஆறு தூண் முடிந்திருக்கிறது. மிச்சம் மூன்று, வாடைக்காற்று ஆரம்பிப்பதற்கு முன் முடிக்க வேண்டும்.